லாரிக்கு எட்டு, பேச்சுக்குப் பன்னிரண்டு

எங்கள் வீட்டில் லாரி ஓட்டுவது என் மனைவி. பதினெட்டுச் சக்கர லாரி. மாலை ஆறு மணிக்குத் தையல் மிஷினை மூடிவிட்டு, அதே மேஜையின் ஓரத்தில் திருகி வைத்திருக்கும் ஸ்டீயரிங்கைப் பிடித்தாளென்றால், ஏழு மணி வரைக்கும் அவள் தென்காசியில் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் ஏதோ ஒரு குளிர்நாட்டு மலைப்பாதையில் மரத்தடிகளை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருப்பாள். கால் பக்கத்தில் தையல் மிஷின் மிதி ஒன்று, அதற்கு அடுத்தாற்போல் லாரியின் பிரேக்கும் ஆக்சிலேட்டரும். இருபது வருஷம் மிதித்த கால் என்பதால் எதை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவது தொழில். கம்ப்யூட்டர் நானாகக் கற்றுக்கொண்டது. ஊரை விட்டுப் போன ஒரு வாடிக்கையாளர் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டுப் போனார். வீடியோ பார்த்துப் பார்த்து அதைப் பிரித்தேன், சேர்த்தேன், இரண்டு முறை கெடுத்தேன். கடைசியில் அதற்கு ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டும் வாங்கிப் போட்டேன். விளையாட்டுக்கான படங்களை வேக வேகமாக வரைந்து தள்ளுவதற்கென்றே இருக்கிற தனி அட்டை அது. எட்டு ஜிபி நினைவகம். நான் விளையாடத்தான் வாங்கினேன். நாலாவது நாள் மனைவி, “தள்ளுங்க, நான் பாக்கேன்” என்று உட்கார்ந்தாள். அத்தோடு என் விளையாட்டு முடிந்தது.

எனக்கு இன்னொரு கிறுக்கு உண்டு. ஆட்கள் பேசுவதைச் சேர்த்து வைப்பேன். கடைக்கு வருகிறவர்கள் மோட்டாரைப் பற்றிச் சொல்வதைக் கேட்கத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேனோ என்று சில நாள் தோன்றும். ஒரு விவசாயி, “அண்ணாச்சி, ஓடுது. ஆனா மனசில்லாம ஓடுது” என்றார். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே சரி, கம்பிச் சுருளில், அதுதான் காயிலில், பாதிதான் உயிரோடு இருந்தது. ஒரு அம்மா, “போன வாரம் வர என் வீட்டுக்காரர் மாதிரி சத்தம் போட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. இப்பம் அவர மாதிரியே ஒண்ணும் செய்யாமக் கெடக்கு” என்றாள். பக்கத்தில்தான் வீட்டுக்காரர் நின்றார். அவரும் சிரித்தார். இதையெல்லாம் முதலில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். பிறகு கேட்டுக்கொண்டு போனில் பதிவு செய்ய ஆரம்பித்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் மனைவிக்குக் காது குறைந்துவிட்டது. கருவி மாட்டியிருக்கிறாள். எதிரில் ஒருவர் நின்று நிதானமாகப் பேசினால் கேட்டுக்கொள்வாள், முகத்தைப் பார்த்து மீதியைப் பிடித்துக்கொள்வாள். தையல் கொடுக்க வருகிற பெண்களோடு பேச்சுக்குக் குறைவில்லை. சிக்கல் எங்கே என்றால், சுந்தரபாண்டியபுரத்தில் அவளுடைய அம்மா வீட்டில். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது அங்கே போவோம். அம்மா, அக்கா, இரண்டு தங்கைகள். நாலு பேரும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு பேசினால் ஒருவர் வாயிலிருக்கும் வார்த்தையை இன்னொருவர் பிடுங்கித்தான் பேசுவார்கள். அவள் நடுவில் உட்கார்ந்து முகம் முகமாகத் திரும்பிப் பார்ப்பாள். மற்றவர்கள் சிரித்து முடிக்கும்போது அவள் சிரிக்கத் தொடங்குவாள். போன வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “தைக்க நெறய இருக்கு, நீங்க மட்டும் போய்ட்டு வாங்க” என்றாள். மறுமுறையும் அதையே சொன்னாள். அப்படி நிறையத் துணி அந்த மாதம் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

பேச்சைக் கேட்டு எழுத்தாக்கிக் காட்டும் செயலி போனில் இருக்கிறது. செய்தி வாசிப்பவர் பேசினால் அழகாக எழுதும். என் மாமியார் பேசினால் அதற்குத் தலை சுற்றிவிடும். அப்போதுதான் எனக்குத் தோன்றியது: நான் இத்தனை காலம் சேர்த்து வைத்த பேச்சு எதற்கு? இந்த ஊர்ப் பேச்சை ஒரு இயந்திரத்துக்குப் படிப்பித்தால் என்ன?

டீப் லேர்னிங் என்று சொல்வதைக் கேட்டு மிரள வேண்டாம். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். பேச்சையும் அதற்குச் சரியான எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சலிக்காமல் ஆயிரம் தடவை காட்ட வேண்டும். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டும். ஓரளவு பேச்சைக் கேட்டு எழுதத் தெரிந்த இயந்திர மூளைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, சிறியதும் பெரியதுமாக. அதில் ஒன்றை இறக்கி, நம் பேச்சை அதன் தலையில் ஏற்ற வேண்டும். இந்த வேலையைச் செய்வதும் அதே கிராபிக்ஸ் கார்டுதான்.

அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய மாமியாரிடம் அனுமதி கேட்டேன், யாருக்காக என்பதைச் சொல்லாமல். என் கிறுக்கு அவருக்குப் பழக்கம்.

“புடிச்சிக்கோங்க மாப்ள. ஆனா எங்க பேச்சு உங்க வீட்டுப் பெட்டியத் தாண்டிப் போவக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரி காதுல விழுந்தா நான் தெருவுல நடமாட முடியாது” என்றார்.

நாலைந்து மாதம் பதிவு செய்தேன். கடையில் கம்பி சுற்றாத நேரமெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தேன். அந்த வீட்டில் யாரைப் பற்றி யார் என்ன நினைக்கிறார்கள் என்று இன்று என்னைவிடத் தெரிந்தவர் கிடையாது. பிறகு சின்ன மூளைக்குப் படிப்பித்துப் பார்த்தேன். தனியாக ஒருவர் பேசினால் எழுதியது. நாலு பேர் சேர்ந்தால் திணறியது. நடுத்தர மூளையை இறக்கினேன். அது என் கார்டில் ஏறவே மாட்டேன் என்றது. முதல் நிமிஷத்திலேயே ‘நினைவகம் போதவில்லை’ என்று நின்றுவிடும். பதிவுகளைத் துண்டு துண்டாக வெட்டினேன், கணக்கைச் சுருக்கினேன், வீடியோக்களில் சொன்ன வித்தை எல்லாம் செய்தேன். எட்டு ஜிபிக்குள் அது அடங்கவில்லை. வெளிநாட்டில் பெரிய இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் பதிவெல்லாம் அங்கே போக வேண்டும், மாமியாருக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. புதுக் கார்டு வாங்கும் நிலையில் நான் இல்லை.

இந்த நேரத்தில்தான் குற்றாலத்திலிருந்து ஒரு மோட்டார் வந்தது. கொண்டு வந்தவர் அங்கே ஒரு சின்ன லாட்ஜ் வைத்திருப்பவர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். சீசன் தொடங்கப் போகிறது, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் கதை கந்தல் என்று அவசரப்படுத்தினார். கம்பி சுற்றும்வரை பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் யார் மூத்தவர் என்று பார்ப்பதில்லை, இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

“சீசன் மூணு மாசம் அண்ணாச்சி. மிச்ச ஒம்பது மாசம் என்ன செய்ய? ரிசப்சன்ல பெரிய டிவிய மாட்டி, கார் ரேஸ் ஓட்டுதேன்” என்றார்.

“ராணுவத்துல இருந்துட்டு, துப்பாக்கி விளையாட்டு ஆட மாட்டீகளா?”

“அதுக்குத்தான் பதினேழு வருஷம் சம்பளம் வாங்கியாச்சே!”

அவருடைய கார்டு பன்னிரண்டு ஜிபி. கடைக்காரன், நினைவகம் கூட இருந்தால் நல்லது என்று சொல்லிக் கொடுத்துவிட்டானாம். ஆனால் வேகம் பத்தவில்லை, வளைவில் கார் திக்குகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். என் கார்டுக்கு நினைவகம் குறைவு, வேகம் அதிகம். அவருடையதற்கு நேர் எதிர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“மாத்திக்கிடுவமா?” என்றார் அவர்.

வைண்டிங் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரைக் கட்டிக் கொடுத்த உடனே விஷயம் முடிந்ததாகாது. எட்டு நாள் ஓட வேண்டும். எட்டு நாள் ஓட்டம் முடிந்து ஆள் வந்து “சரி” என்று சொன்னால்தான் முடிந்தது. அதுவரை யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். கார்டுக்கும் அதுவே என்று பேசிக்கொண்டோம். எட்டு நாள் ஓட்டம். பிடித்தால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் அவரவர் சாமான் அவரவருக்கு.

மோட்டாரை மாட்டிக் கொடுக்கிற சாக்கில் ஒரு திங்கட்கிழமை குற்றாலம் போனேன். என் கார்டை மூன்று பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சாரல் படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். லாட்ஜ் வாசலில் எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் நாலு பேர் வரிசையாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள். குளிக்க வந்தவர்கள் துண்டோடு படுத்துக் கிடந்தார்கள். தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ரிசப்சனுக்குள்ளும் எண்ணெய் வாடை. மோட்டாரை ஓடவிட்டு, கார்டுகளை மாற்றிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி அப்போது ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தாள். கார்டைப் பெட்டிக்குள் மாட்டி மூடினேன்.

அவளிடம் சொல்லவில்லை. வேலை நல்லபடியாக முடிந்தால் சொல்லிக்கொள்ளலாம், முடியாவிட்டால் வீணாக ஏன் ஆசை காட்ட வேண்டும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். முட்டாள்தனமும் அதுதான்.

ஆறு மணிக்கு அவள் லாரியை எடுத்தாள். நான் ஒன்றும் தெரியாதவன் போல செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். சமவெளியில் வண்டி நன்றாகத்தான் போனது. மலையேறியது. விளையாட்டுக்குள் மழை பிடித்தது. மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டாள்.

“ஏங்க, லாரிக்கு என்னாச்சு?”

“ஏன், நல்லாத்தான போவுது?”

“மழையில விக்கி விக்கிப் போவுது. நேத்து வர இப்படி இல்ல.”

காது போனதால் கண் கூர்மையாகிவிட்டது என்று நான் கதை சொல்ல மாட்டேன். அவள் கண் எப்போதுமே அப்படித்தான். ரவிக்கை ஓரத்தில் ஒரு நூல் தள்ளிப் போனாலும் தெருமுனையிலிருந்தே பிடித்துவிடுவாள். எழுந்து வந்து என் கையிலிருந்த செய்தித்தாளை எடுத்து மடித்து வைத்தாள். முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்படி உட்கார்ந்தால் பொய் சொல்ல முடியாது, உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பதிவு, படிப்பு, எட்டு ஜிபி, பன்னிரண்டு ஜிபி, அம்மா வீட்டு ஞாயிற்றுக்கிழமை.

பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “அப்பம் என் காதுக்குன்னு சொல்லி என் லாரியக் கொண்டுபோய்க் குற்றாலத்துல வச்சிட்டு வந்திருக்கீங்க” என்றாள்.

“கொஞ்சந்தான வேகம் கொறையுது…”

“காதும் என்னுது, லாரியும் என்னுது. நடுவுல நீங்க யாரு, எதக் குடுத்து எத வாங்கணும்னு முடிவு பண்ண? என்ட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?”

நான் செய்தித்தாளுக்குக் கை நீட்டினேன், அவள் அதைத் தள்ளி வைத்தாள்.

“அவுங்க பேசுததுல பாதி கேக்காம இருக்கதே நிம்மதியா இருக்கு. அந்த லாரில உக்காந்தா எனக்குக் காது வேண்டாம். ரோட்டப் பாத்தாப் போதும். அங்கன யாரும் என்னப் பாத்து, ‘புரிஞ்சுதா, புரிஞ்சுதா’ன்னு கேக்க மாட்டாவ” என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. அளவு சொல்வது போலச் சொன்னாள்.

அதுவரை நான் அந்த லாரியை விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

“நாளைக்கே மாத்திட்டு வந்துருதேன்” என்றேன்.

“எட்டு நாள்னு வாக்குக் குடுத்திருக்கீங்கள்ல? இருக்கட்டும். எட்டு நாள் கழிச்சு என் கார்டு வந்துரணும்.”

ஆக, எனக்கு எட்டு நாள் கிடைத்தது. மறுநாள் காலையிலேயே நடுத்தர மூளையை ஏற்றினேன். அடங்கியது. பன்னிரண்டில் பதினொன்றுக்கு மேல் பிடித்துக்கொண்டது, ஆனால் அடங்கியது. படிப்பு தொடங்கியது. நான் கடைக்குப் போனேன், பெட்டி பகலெல்லாம் ஓடியது. மதியம் சாப்பிட வந்து பார்த்தால், சாரலில் காயாத ரவிக்கைத் துணிகளைப் பெட்டியின் பின்பக்கம் கயிறு கட்டிப் போட்டிருந்தாள். அங்கேதான் சூட்டுக் காற்று வருகிறதாம்.

“ஒங்க பெட்டிப் பிள்ள படிக்குதோ இல்லியோ, துணி நல்லாக் காயுது” என்றாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மூன்றாம் நாள் விசிறி கரகரவென்று சத்தம் போட்டது. நிறுத்திவிட்டுக் கார்டைக் கழற்றி விளக்கில் காட்டினேன். ஓரமெல்லாம் எண்ணெய். விரலில் தொட்டால் வழுக்கியது. வைண்டிங்காரனுக்கு எண்ணெய் என்றால் எமன். எண்ணெய் இறங்கிய காயிலை எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஒன்றுகூடப் பிழைத்ததில்லை. உடனே என் மனசு கணக்குப் போட்டுவிட்டது: லாட்ஜ் வாசல், எண்ணெய் தேய்க்கும் நாலு பேர், ரிசப்சன் வாடை. வருஷக்கணக்கில் அந்தக் காற்றை இழுத்து இழுத்து, கார்டு உள்ளே எண்ணெய்க் குளியல் நடத்தியிருக்கிறது. செத்துப்போகிற சாமானை மனுஷன் என் தலையில் கட்டிவிட்டார்!

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் குற்றாலம். லாட்ஜ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இது நியாயமா? எண்ணெயில ஊறின கார்டத் தந்திருக்கீகளே.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “என்ன சொல்லுதீக?”

“வாசல்ல தேய்க்க எண்ணெயெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. பாருங்க.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “என் லாட்ஜுல வெளிய தேய்ச்ச எண்ணெயோட ஒரு ஆளு உள்ள கால் வைக்க முடியாது. தார்பாய் போட்டு, சாக்கு போட்டு, வாசல்ல வாளி வச்சிருக்கேன். பதினேழு வருஷம் பூட்ஸப் பாலிஷ் போட்டவன்ட்ட வந்து எண்ணெய்ங்கீகளே!” என்று கத்தியவர், வாசல் பக்கம் திரும்பி, “ஏய், இங்கன வா!” என்று எண்ணெய் தேய்ப்பவர்களில் மூத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த மனிதர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். அறுபது வயதிருக்கும். விஷயத்தைக் கேட்டார். கார்டை வாங்கி ஓரத்தைச் சுண்டுவிரலால் தொட்டு, முதலில் மூக்கில் வைத்தார். பிறகு பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் வெளிச்சத்தில் பிடித்தார். நாடி பார்ப்பது போல அத்தனை பொறுமை.

“இது எங்க எண்ணெய் இல்ல” என்றார்.

“எப்படிச் சொல்லுதீக?” என்றேன்.

“எங்க எண்ணெயின்னா மணக்கும். நல்லெண்ணெயா, தேங்கெண்ணெயா, மூலிகையா, எதுவா இருந்தாலும் மூக்குல நிக்கும். பழசாச்சுன்னா சிக்கு வாட வரும், பிசுபிசுன்னு ஒட்டும். இது மணக்கவும் இல்ல, ஒட்டவும் இல்ல, தோல்ல இறங்கவும் இல்ல. மேலயே நிக்கி. இத ஒடம்புல தேய்ச்சா வந்த ஆளு என்ன அடிப்பான்.” கார்டைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டு, “இது அதுக்குள்ள இருந்து வந்த வேர்வ” என்றார். திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து ஒரு முதுகைத் தேய்க்க ஆரம்பித்தார்.

லாட்ஜ்காரர் என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்துத் தேடினேன். அவர் சொன்னதுதான் சரி. சூட்டைக் கடத்துவதற்காகக் கார்டுக்குள் மெத்தை மாதிரி மெல்லிய பட்டைகள் வைத்திருக்கிறார்கள். நாள்பட நாள்பட, சூடு ஏற ஏற, அதிலிருந்து ஒருவித எண்ணெய் கசியும். மின்சாரம் கடத்தாது, கெடுதல் இல்லை, துடைத்துவிடலாம். உலகம் பூராவும் இதைப் பார்த்துப் பலர் பயந்திருக்கிறார்கள். ஆனால் எண்ணெய் தேய்ப்பவர்மேல் பழி போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குற்றாலத்து வாசலும் என் தொழில் புத்தியும் சேர்ந்து என்னைக் கவிழ்த்துவிட்டன.

“தப்பு என்மேலதான் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க” என்றேன்.

“இருங்க. நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு.” மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் உள்ளே பஞ்சு மாதிரி ஒரு உருண்டை. சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள். “ஒங்க கார்டு விசிறியில இருந்து எடுத்தேன். நூலும் பிசிரும். நான் ஒங்களுக்குப் போன் போட்டு, ‘என்னவே, ஜவுளிக்கடையவா அனுப்பியிருக்கீரு’ன்னு கேட்டனா?”

எண்ணெய் தேய்ப்பவர்கள் நாலு பேரும் சிரித்தார்கள். படுத்திருந்தவரும் சிரித்தார். நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன். லாட்ஜ்காரர் எனக்கும் ஒரு டீ சொன்னார். “வேண்டாம்னா இப்பமே மாத்திக்கிடுவோம். மனத்தாங்கல் இல்ல” என்றார். “ஆனா ஒண்ணு சொல்லுதேன், ஒங்க கார்டுல வளைவுல காரு திக்கவே இல்ல.”

“எட்டு நாள் ஆவட்டும்” என்றேன்.

அன்றைக்குப் பாதி நாள் போய்விட்டது. கார்டைத் துடைத்து மாட்டி, விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் முடிந்தது.

மறுநாள் மாமியாரும் அக்காவும் தங்கைகளும் காசி விஸ்வநாதர் கோவிலுக்கு வந்துவிட்டுச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. நான் மனைவியிடம் கேட்டேன். இந்த முறை முகத்துக்கு நேராக நின்று, முதலில் கேட்டேன்.

“அவுங்க பேசும்போது போட்டுக் காட்டட்டுமா? பிடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லு, அணைச்சிருதேன். திங்கட்கிழமை கார்டு குற்றாலம் போயிரும்.”

யோசித்தாள். “சத்தமில்லாம ஓரமாப் போடுங்க. பாக்கணும்னு தோணுனாத்தான் பாப்பேன்” என்றாள்.

அவர்கள் வந்தார்கள். பெட்டி இருக்கிற அந்தத் தையல் அறையிலேயே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வெங்காயக் கூடை நடுவில். அதற்குப் பக்கத்தில் ஒரு மைக்கை வைத்தேன். “மாப்ள பழையபடி பேச்சுப் புடிக்க வந்துட்டாரு” என்றார் மாமியார். அப்புறம் அவர்கள் அதை மறந்துவிட்டார்கள். மனைவி மேஜை ஓரத்தில் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டு, திரைக்கு அரைப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

எழுத்து வர ஆரம்பித்தது. எல்லாம் சரியாக வந்தது என்று சொல்ல மாட்டேன். பத்து வரிக்கு மூன்று நான்கு வழுக்கியது. யார் சொன்னது என்றும் அதற்குத் தெரியாது. ஆனால் பேச்சு பேச்சாக வந்தது. கோவில் கூட்டம், தங்கையின் மாமியார், தக்காளி விலை. மனைவி நிமிரவில்லை. ஊசி போய் வந்துகொண்டிருந்தது. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கடையில் முதல் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்த அன்றும் இப்படித்தான் நின்றேன்.

அப்போது அக்கா, தங்கை பக்கம் சாய்ந்து, வழக்கமான குரலில் சொன்னாள்: “இவ இப்படி லாரி ஓட்டிக்கிட்டே இருந்தா என் ரவிக்கய எப்பம் தைச்சுத் தருவா? குடுத்து ஒரு மாசம் ஆச்சு.”

ஊசி நின்றது. மனைவி திரையைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

“புதன்கிழமை தாரேன்” என்றாள். “நீ தந்தது கல்யாணத்துல எடுத்த அளவு. அந்த அளவுக்குத் தைச்சா ஒரு கைதான் உள்ள போவும்.”

நாலு பேருடைய கையிலும் வெங்காயம் அப்படியே நின்றது. அக்காவின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. முதலில் கடைசித் தங்கைதான் வெடித்துச் சிரித்தாள். பிறகு எல்லோரும். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்; வெங்காயத்தாலா வேறு எதனாலா என்று தெரியாது.

மாமியார் திரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். “ஏட்டி, எல்லாம் எழுதுதா இது?”

“எழுதுது” என்றாள் மனைவி. “இப்பம் நீ கேட்டதும் எழுதிட்டு.”

“ஐயய்யோ. ரெண்டு வருஷமா இவ முன்னால வச்சு என்னென்னத்தப் பேசியிருக்கோம்!”

“அது எல்லாத்தையும் ஒங்க மாப்ள கேட்டு எழுதி வச்சிருக்காவ. எனக்கு வாசிக்க நேரமில்ல” என்றாள். திரும்பி என்னைப் பார்த்து ஒரு பார்வை. இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த பார்வைகளில் அதை நான் முதல் இரண்டு மூன்றுக்குள் வைப்பேன்.

அன்றைக்கு அவள் பூராவும் திரையைப் பார்க்கவில்லை. சில நேரம் பார்ப்பாள், சில நேரம் கொக்கியே கதியென்று இருப்பாள். ஒரு தடவை நீண்ட பேச்சு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்காமல் இருப்பதும் இப்போது அவள் கையில் இருந்தது. சாப்பிடும்போது அக்கா அவள் எதிரே வந்து உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினாள். அது இந்த இரண்டு வருஷத்தில் அக்காவுக்குத் தோன்றாத விஷயம்.

மறுநாள் திங்கட்கிழமை, எட்டாவது நாள். சாயங்காலம் லாட்ஜ்காரர் கூப்பிட்டார்.

“என்ன அண்ணாச்சி, ஓட்டம் முடிஞ்சுதா? மாத்தணுமா, முடிச்சுக்கிடுவமா?”

“அஞ்சு நிமிசத்துல சொல்லுதேன்” என்று வைத்துவிட்டு உள்ளே வந்தேன். அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். லாரி மலையடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தது, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எதிரில் போய் நின்று, “குற்றாலத்துல இருந்து கேக்காவ. என்ன சொல்ல?” என்றேன்.

அவள் திரையில் மேலே மலையைப் பார்த்தாள். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

“இந்தக் கார்டு இங்கனயே இருக்கட்டும்” என்றாள். “ஆனா நான் வண்டியில இருக்கும்போது அந்த எழுத்து ஓடக் கூடாது. இன்னொண்ணு, இந்த மழைய எங்கன போய்க் கொறைக்கணும்னு காட்டுங்க. நான் மெதுவாத்தான் போவேன், கொறைச்சா ஏறிரும்.”

நான் குனிந்து அமைப்புப் பக்கத்தைத் திறந்து, மழையின் அளவைப் பாதியாக்கினேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு, தானே மழையை ஒரு புள்ளி கூட்டிக்கொண்டு, கியரைப் போட்டாள்.